கோபம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

எகாஷிரா தமோட்சு என் முன்பல் இரண்டை உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு. பல் போன நேரத்தில் மணி பார்த்தாயா என்று என் மனைவி கேட்டாள். பார்த்தேன். முப்பது வருடம் ரயிலில் வேலை பார்த்தவன் மல்லாந்து விழுந்தாலும் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும். ஒரு பல் ஆஜர் பதிவேட்டின் மேலேயே கிடந்தது. மற்றது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் குத்து எனக்கு வரவேண்டிய குத்துதான். ஏழு மாதம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் ஆட்கள் அதை வேறு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். எகாஷிரா முரடன், குடிகாரன், மேலதிகாரியை அடித்தவன் என்று. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முரடன் என்பது மட்டும் உண்மை. கியூஷுவின் வடகோடியில், உருக்காலை ஊரில் பிறந்தவன். அப்பா ஊதுலை முன்னால் நின்று வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தால் பெல்ட்டால்தான் பேசுவார். எங்கள் பக்கத்து ஆண்களுக்குச் சந்தோஷம், துக்கம், பசி, அவமானம் எல்லாம் ஒரே வழியாகத்தான் வெளியே வரும், முஷ்டி வழியாக. எகாஷிரா பள்ளிக்கூடப் பேஸ்பால் அணியில் தலைவனின் மூக்கை உடைத்து வெளியே வந்தான். பதினெட்டு வயதில் எங்கள் ரயில் கம்பெனியில் சேர்ந்து பெட்டி கழுவினான். இருபத்தாறில் ஓட்டுநரானான்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் அவன் வேறு ஆள். இரண்டு பெட்டி, இருபத்தொரு ஸ்டேஷன், ஒற்றை ஆள் வண்டி. ஓட்டுவதும் அவன்தான், கதவு மூடுவதும் அவன்தான், அறிவிப்பு சொல்வதும் அவன்தான். பிளாட்பாரத்தில் வண்டி நிற்க வேண்டிய கோட்டில் ஒரு சாண் தள்ளாமல் நிறுத்துவான். நிற்கும்போது குலுங்காது. அந்த வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு சிக்னலை விரல் நீட்டிக் காட்டி, "பச்சை, போகலாம்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அந்த முகம் இருந்து நான் பார்த்ததில்லை.

நானும் ஒரு காலத்தில் ஓட்டியவன்தான். பிறகு பணிமனையில் ஆஜர் மேஜைக்கு வந்துவிட்டேன். தினமும் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு ஓட்டுநரும் என் மேஜை முன் விறைப்பாக நிற்க வேண்டும். குழாயில் ஊதிக் குடிக்கவில்லை என்று காட்ட வேண்டும். கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக நான் கேட்பேன்: "உடம்பு, மனசு?" அவர்கள் சொல்வார்கள்: "கோளாறு இல்லை!" நான் டிக் அடிப்பேன். இருபது வருடத்தில் யாரும் வேறு பதில் சொன்னதில்லை. ஜுரத்தில் முகம் சிவந்து நின்றவனும் அதையேதான் சொன்னான். அப்பா செத்த மறுநாள் வந்தவனும் அதையேதான் சொன்னான்.

வண்டியில் ஆள் அடிபட்டால் எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. உப்பு. சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் மேல் தூவுகிறோமே, அதே உப்பு. பணிமனை வாசலில் ஒரு டப்பா நிறைய இருக்கும். அடித்துவிட்டு வரும் ஓட்டுநர் உள்ளே நுழையும் முன் பணிமனைத் தலைவர் கவாசோயே ஒரு கை அள்ளி நெஞ்சிலும் முதுகிலும் எறிவார். தூவமாட்டார், எறிவார். வலிக்கும். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் அதைப் பேசுகிறவன் ஆம்பளை இல்லை.

எகாஷிரா இரண்டு தடவை அந்த உப்பு வாங்கியிருந்தான். ஒன்று மோட்டார் பைக்காரன், கால் ஒன்று போய்ப் பிழைத்தான். மற்றவன் பிழைக்கவில்லை. அவனைப் பற்றி எகாஷிரா ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மூன்றாவது, போன அக்டோபர். மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். லெவல் கிராசிங்கில் கேட் இறங்கிவிட்டது. சைக்கிள் தள்ளிக்கொண்டு கடந்த ஒரு பெண்மணியின் முன்சக்கரம் தண்டவாளத்துப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஐம்பது வயசு இருக்கும். வளைவு திரும்பியதும் எகாஷிரா பார்த்துவிட்டான். முழு பிரேக். ஹாரன். அந்த அம்மா சைக்கிளை விட்டுவிட்டு ஓடியிருந்தால் போதும், இரண்டு எட்டு. விடவில்லை. கூடையில் அரிசிப் பை இருந்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இவன் கத்தியிருக்கிறான்: "விடும்மா! விட்டுத் தொலைம்மா!" கடைசி நொடியில் அவள் நிமிர்ந்து இவனைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை, கோபமாகப் பார்த்தாள். வரிசையில் முந்துகிறவனைப் பார்க்கிற மாதிரி.

ஒற்றை ஆள் வண்டி என்பதால் இறங்கிப் பார்க்க வேண்டியவனும் ஓட்டுநர்தான். எகாஷிரா விளக்கை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு அடியில் தவழ்ந்து போனான். அங்கே என்ன பார்த்தான் என்று ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று வாக்கியத்தில் சொன்னான். அந்த மூன்று வாக்கியத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. சரளைக்கல் முழுக்க அரிசி சிதறியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். மாற்று ஓட்டுநர் கிடைக்கவில்லை. அறுபத்தெட்டு நிமிடம் கழித்து அதே வண்டியை அவனே கடைசி ஸ்டேஷன் வரை ஓட்டி வந்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்று இறங்கும்போது ஒருவர் அவன் முகத்துக்கு நேரே டிக்கெட்டை விசிறி அடித்தாராம். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டானாம்.

வாசலில் கவாசோயே உப்போடு காத்திருந்தார். எறிந்தார். "போ, முடிஞ்சது. நாளைக்குக் காலைல ஆறு பன்னிரண்டு வண்டி உன்னோடது" என்றார்.

மறுநாள் என் மேஜை முன் நின்றான். "உடம்பு, மனசு?" என்றேன். வழக்கமாக நான் வாயை மூடும் முன் பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அவன் பின்னால் ஆள் நின்றார்கள். நான் டிக் அடித்தேன். பிறகுதான் அவன், "கோளாறு இல்லை" என்றான். அன்றிலிருந்து அவன் வந்து நின்றதுமே நான் முதலில் டிக் அடித்துவிடுவேன். பதிலுக்குக் காத்திருந்தால் எங்கே வேறு ஏதாவது சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். சொல்லிவிட்டால் ஆறு பன்னிரண்டை யார் எடுப்பது?

அதற்கப்புறம் அவன் உடைக்க ஆரம்பித்தான். அலமாரிக் கதவை உதைத்து மடக்கினான். பிளாட்பாரத்தில் காபி மெஷினைக் குத்திக் கையில் ஏழு தையல். குடித்துவிட்டு வாந்தி எடுத்த பயணி ஒருவனைச் சட்டையைப் பிடித்துத் தூண் மேல் அழுத்தினான். இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்கள். டிசம்பரில் அவன் மனைவி சாயோகோ எனக்குப் போன் செய்தாள். மதியச் சாப்பாடு கட்டும் கடையில் வேலை பார்க்கிறவள், அளந்து பேசுகிறவள்.

"இசோமுரா சான், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரைஸ் குக்கரைத் தூக்கி வாசல்ல போட்டு உடைச்சுட்டார். ரெண்டு மாசமா வீட்ல சோறே வடிக்கக் கூடாதுங்கறார். நான் கடைலேர்ந்து வந்தா, ஒடம்புல சோத்து வாடை அடிக்குது, குளிச்சுட்டு வாங்கறார். நேத்து தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டார். வேலை எடத்துல யாராவது கேக்கமாட்டீங்களா?"

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்மா. ஆம்பளைங்க அப்படித்தான்" என்றேன் நான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய பதில்.

ஏப்ரலில் அதே கிராசிங்கில், கேட் மூடி, ஒரு ஈ காக்கை இல்லாத பாதையில், அவன் முழு பிரேக் போட்டான். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு பெரியவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஏன் போட்டாய் என்று கேட்டதற்கு, "ஆள் நின்னாங்க" என்றான்.

கவாசோயே அவனுக்கு மறுபயிற்சி கொடுத்தார். மறுபயிற்சி என்றால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காலை முதல் மாலை வரை மன்னிப்புக் கடிதம் எழுதுவது. பத்தொன்பது நாள். எழுதியதை மாலையில் கவாசோயே எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார், கிழிப்பார், கிழித்ததை அவன் தலையில் போடுவார். இரும்பு ஸ்கேலால் மேஜையில் அடிப்பார். சில நாள் ஸ்கேல் மேஜையைத் தாண்டி அவன் விரலில் விழும்.

"உன்னால ஒரு பெரியவர் எலும்பு போச்சு. நீயெல்லாம் ஓட்டுநராடா? தண்டவாளத்துல கல்லு பொறுக்கப் போ! வேணுமா இந்த சீட்டு? வேணுமா?"

"வேணும், தலைவரே."

"அப்ப எழுது!"

அவன் எழுதினான். அவ்வளவு முரடன் பத்தொன்பது நாளும் கை ஓங்கவில்லை. அந்த இருக்கை அவனுக்கு அப்படி வேண்டியிருந்தது. நாங்கள் பதினொரு பேரும் டீ குடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கேட்டும் கேளாததுபோல இருந்தோம்.

மே மாதம் அவனை மறுபடி வண்டிக்கு விட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை. குழாயில் ஊதினான், கடிகாரம் காட்டினான். நான் கேள்வியைக் கேட்டுக்கொண்டே டிக் அடித்தேன். அவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றான்.

"சொல்லு, சொல்லு. நேரமாச்சு. கோளாறு இல்லைதானே?"

அடுத்து எனக்குத் தெரிந்தது கடிகாரம். அதற்கப்புறம் அவன் குரல். பணிமனையே அதிர்ந்தது.

"கோளாறு இருக்குய்யா! ஏழு மாசமா இருக்கு! ஒவ்வொரு கிராசிங்லயும் அந்தம்மா நிக்கறா! எனக்குப் பயமா இருக்கு! ஹேண்டிலைப் பிடிக்கவே பயமா இருக்கு! தெனமும் நீங்க கேக்கறீங்க, தெனமும் நீங்களே எழுதிக்கறீங்க! ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொல்றவரைக்கும் இருந்தீங்களா?"

கவாசோயே ஓடி வந்து அவனைக் கழுத்தோடு சேர்த்துச் சுவரில் சாத்தினார். வரிசையில் நின்றவர்களில் ஒருவன் நான் துப்பிய ரத்தத்தை மிதித்து வழுக்கினான். ஆறு பன்னிரண்டு வண்டியை வேறொருவன் எடுத்தான். நாலு நிமிடம் தாமதம்.

மறுநாளே கவாசோயே என் வீட்டுக்கு மரப்பெட்டியில் முலாம்பழம் எடுத்துக்கொண்டு வந்தார். பல் இல்லாதவனுக்குப் பழம்! உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். வெள்ளிக்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மியாவாக்கி என்ற அம்மாள் வருகிறாள். எகாஷிரா கோபத்தில் அடித்தான் என்று அறிக்கை போனால் பத்து நாள் சம்பளப் பிடிப்பு, ஒரு மாதத்தில் மறுபடி வண்டி ஓட்டலாம். பயத்தில் கத்தினான் என்று போனால் விதிப்படி ஓட்டுநர் உரிமம் ரத்து. வாழ்நாளுக்கும். "கோபம்னா மனுஷனுக்கு வரும், இசோமுரா. பயந்தவன் கையில நூறு பேரை எப்படிக் கொடுக்கறது? நம்ம பையனைக் காப்பாத்தலாம். நீயும் கோபம்னே சொல்லு."

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் பல்லை உடைத்தது எங்கள் கம்பெனிக்குப் பெரிய குற்றமில்லை. பயமாயிருக்கிறது என்று சொன்னதுதான் குற்றம்.

வியாழக்கிழமை எகாஷிராவே வந்தான். வாசலில் நெற்றி தரையில் படக் குனிந்தான். "பல்லுக்கு மன்னிச்சுக்குங்க. நாளைக்குக் கோபம்னுதான் சொல்லப்போறேன். அந்த சீட்டு இல்லாட்டி நான் யாரு, சொல்லுங்க? வீட்ல ரைஸ் குக்கர் உடைக்கறவன், அவ்வளவுதான்." எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் கோபம் என்றால் என் டிக்குகளும் தப்பித்துவிடும். சரி என்றேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணி. சின்ன அறை, நீளமான மேஜை, நாலு பேர், நாலு கிண்ணம் பச்சைத் தேநீர். மியாவாக்கி அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சம்பவத்துக்குக் காரணம் என்னன்னு எழுதணும். நீங்க சொல்லுங்க."

எகாஷிரா எழுந்து நின்றான். சாயோகோ இஸ்திரி போட்ட சட்டை, கழுத்து வரை பொத்தான். "கோபம். என் கோபம். கோபம்னு எழுதிக்குங்க."

கவாசோயே மூச்சை விட்டார். நானும் தலையாட்டினேன். அந்த அம்மாள் எழுதினாள். "அப்ப ஜூன் பத்திலேர்ந்து பழைய வண்டியே குடுத்துடலாம்" என்று கவாசோயே சிரித்துக்கொண்டே சொன்னார். "ஆறு பன்னிரண்டு. அந்த வளைவு, அந்தக் கிராசிங், எல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு."

எகாஷிராவின் வலது கை மேஜை மேல் இருந்தது. அது ஆட ஆரம்பித்தது. இடது கையால் அதைப் பிடித்தான். இரண்டும் ஆடின. கிண்ணத்துத் தேநீர் தளும்பிப் படிவத்தின் ஓரம் நனைந்தது. திரும்பி மூலைக் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அடிச்சு எழுதுங்க, அம்மா. பயம். எனக்குப் பயம். என்னை வண்டியில ஏத்தாதீங்க. யாரையாவது மறுபடி கொன்னுடுவேன்."

"டேய்!" என்று கவாசோயே எழுந்தார்.

அப்போதுதான் எனக்கும் வாய் திறந்தது. பல் இல்லாத வாய், பாதி வார்த்தை காற்றாகப் போனது. "அவன் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான்தான் டிக் அடிச்சேன். ஏழு மாசம். மறுபயிற்சி நாள் போக எல்லா நாளும். அதையும் எழுதிக்குங்க."

கவாசோயேயின் கிண்ணம் பறந்து வந்தது. எனக்கு எறிந்தாரா அவனுக்கு எறிந்தாரா தெரியாது, எகாஷிராவின் புருவத்தில் பட்டு உடைந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. கவாசோயே மேஜையைச் சுற்றி வரவில்லை, மேஜை மேலேயே ஏறி வந்தார், ஐம்பத்தெட்டு வயதில். அவன் சட்டையைப் பிடித்து அறைந்தார். முஷ்டியால் தோளில், மார்பில், காதில். மியாவாக்கி அம்மாள் நாற்காலியோடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் விலாவில் இடித்தார். எகாஷிரா கை ஓங்கவில்லை. அந்த அடிகளை வாங்கிக்கொண்டு நின்றான்.

"பயமா? பயம்னு சொல்றியா? வெக்கமில்லாம வாயைத் திறந்து சொல்றியா? நான் வண்டில ரெண்டு பேரை அடிச்சவன்டா! ரெண்டு பேர்! மறுநாள் காலைல வண்டி எடுத்தேன்! யாராவது என்னைக் கேட்டாங்களா? ஒரு நாய் கேட்டுதா? நீ மட்டும் என்ன பெரிய... நீ மட்டும் எப்படிடா சொல்லலாம்?"

கடைசி அடிகளில் பலம் இல்லை. அறைகிறாரா பிடித்துக்கொள்கிறாரா என்று தெரியாமல் அவன் சட்டையைப் பற்றி நின்றார். மூச்சு இரைத்தது.

எகாஷிரா கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். "எந்தக் கிராசிங், தலைவரே?" என்றான்.

அதட்டல் இல்லை, குத்தல் இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான்.

"மீன் சந்தைக்குப் பின்னாடி இருந்ததே, அது" என்றார் கவாசோயே. "இப்ப மூடிட்டாங்க. ஏழு வயசு. மஞ்சத் தொப்பி போட்டிருந்தான். தொப்பி கண்ணாடில வந்து ஒட்டிக்கிச்சு. வைப்பரைப் போட்டேன். போகலை. அந்த வைப்பர் போயிட்டு போயிட்டு வந்தது." மேஜையில் உட்கார்ந்தார். இருபது வருடம் என் மேலதிகாரி. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழத் தெரியாதவர் அழுகிற மாதிரி, இருமுவதுபோல அழுதார்.

மியாவாக்கி அம்மாள் நாற்காலியை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டாள். நனையாத புதுப் படிவம் ஒன்று எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'பயம்' என்று எழுதினாள். உரிமம் ரத்து, வண்டி கழுவும் பிரிவுக்கு மாற்றம், கம்பெனிச் செலவில் மனநல மருத்துவர் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். எகாஷிரா பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரைக்கட்டையை எடுத்துக் குத்தினான். நான் குத்தினேன். கவாசோயே தலைவருக்கான கட்டத்தில் குத்தவில்லை. எகாஷிராவின் முத்திரைக்குப் பக்கத்தில் குத்தினார். அவள் தப்பான இடம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் எகாஷிரா வராந்தாவில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். கீழே பதினொன்று நாற்பது வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கதவு மூடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவன் உடைந்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்து, சத்தம் போட்டு அழுதான்.

"இனிமே ஓட்ட முடியாதே, இசோமுரா சான். நெசமாவே முடியாதே."

"ஆமா, முடியாது" என்று சொல்லி, விலா வலிக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.